வீட்டுக்கு இரண்டாவது கேமிங் கம்ப்யூட்டர்: கார்டு யாருக்கு, பிராசஸர் யாருக்கு?



போன வாரம் லஞ்ச் பெல் அடித்ததும் எட்டாம் வகுப்புத் தம்பிகள் இரண்டு பேர் என்னைத் தேடி வந்தார்கள். "அண்ணா, கேம் விளையாட ஐ-செவன் போதுமா? கடைக்காரர் ஐ-செவன்னு சொல்லித்தான் குடுக்கிறாரு" என்று கேட்டார்கள். போதும், போதாது என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியவில்லை. அதான் இந்தத் தாள் முழுக்க எழுதுகிறேன். 2024 மே லீவில் எங்கள் வீட்டுக்கு இரண்டாவது கம்ப்யூட்டர் வாங்கிய கதையும் இதில் வரும். கதை இல்லாமல் சொன்னால் யாரும் படிக்க மாட்டீர்கள் என்று தெரியும்.

எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. 2020-ல் ஆன்லைன் வகுப்புக்காக அப்பா வாங்கியது. ஏ.எம்.டி. ரைசன் 5 3600 பிராசஸர், பி450 மதர்போர்டு, ஜிடிஎக்ஸ் 1650 என்ற 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு. வகுப்பு முடிந்துவிட்டது, சண்டை ஆரம்பித்துவிட்டது. எனக்கும் தங்கச்சிக்கும் ஒரே ஒரு மவுஸ்! அம்மா சீட்டு எடுத்த பணத்தில் 55 ஆயிரத்தைத் தனியாக வைத்து, "இது பாப்பாவுக்கு. அவளுக்குன்னு ஒண்ணு வாங்கிக் குடுத்துடுங்க" என்று அப்பாவிடம் கொடுத்தார்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் மனதில் வேறு திட்டம் இருந்தது. புதுசாக வரும் நல்ல கார்டை என் கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டு, என்னுடைய பழைய 1650-ஐ அவளுக்குத் தள்ளிவிடலாம் என்று நினைத்தேன். இரண்டாவது கம்ப்யூட்டருக்காக வாங்குவது அதற்குள்ளேதான் போக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லையே! இந்த நினைப்பு பாதி சரி, பாதி திருட்டுத்தனம். எது எந்தப் பாதி என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் இந்த இரண்டும் என்ன வேலை செய்கின்றன?

நம்ம சுவர் பத்திரிகையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் குழுவில் ஆறு பேர். எந்தக் கட்டுரை எங்கே, படம் எங்கே, தலைப்பு என்ன நிறம் என்று முடிவு செய்வது இவர்கள். முடிவு சொன்னதும் சார்ட் பேப்பர் மேல் குனிந்து கலர் அடிக்க ஒரு பெரிய கூட்டம் காத்திருக்கும். அந்த ஆறு பேர்தான் பிராசஸர். அந்தக் கூட்டம்தான் கிராபிக்ஸ் கார்டு. கார் எந்தப் பக்கம் திரும்புகிறது, எதிரி எங்கே ஒளிந்திருக்கிறான், பந்து சுவரில் பட்டு எங்கே போகும் என்பதெல்லாம் பிராசஸர் கணக்கு. திரையில் அதைப் புள்ளி புள்ளியாகத் தீட்டுவது கார்டின் வேலை. ரைசன் 3600-ல் 6 கோர். ஜிடிஎக்ஸ் 1650-லோ 896 குட்டிக் கோர்கள். ஒவ்வொன்றும் பெரிய புத்திசாலி இல்லை, ஆனால் சொன்ன கட்டத்தில் சொன்ன கலரை அடிக்கும்.

எத்தனை கட்டம்? 1920 x 1080 திரையில் 20,73,600 புள்ளிகள். மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 60 முறை படம் மாறும். பெருக்கிப் பாருங்கள், 12,44,16,000. பன்னிரண்டு கோடிக்கும் மேல், ஒரே நொடியில்! ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 16.7 மில்லி நொடி. பிராசஸரும் சரி, கார்டும் சரி, அதற்குள் தன் வேலையை முடித்தாக வேண்டும். ஒருவர் தாமதித்தாலும் மற்றவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஆசிரியர் குழு முடிவே எடுக்கவில்லை என்றால் ஆயிரம் பேர் கலர் பென்சிலோடு நின்று என்ன பயன்? இன்னொரு விஷயம், சார்ட் பேப்பர் பெரிசானால் கலர் அடிக்கிறவர்களுக்குத்தான் வேலை கூடும். முடிவு எடுப்பவர்களுக்கு அதே வேலைதான். இதை மறந்துவிடாதீர்கள், கீழே ஒரு பரிசோதனைக்கு இதுதான் ஆதாரம்.

ஐ-செவன் ராஜா

முதலில் எங்கள் ஊர்க் கடைக்கே போனோம். கடையின் பெயர் வேண்டாம். "சார், ஐ-செவன், 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு. உள்ள கலர் லைட்டெல்லாம் எரியும்" என்றார். அப்பா முகத்தில் சந்தோஷம். விலையும் நம் பணத்தில் பாதிதான். நான் மட்டும், "அண்ணா, ஐ-செவன்ல என்ன நம்பர்?" என்று கேட்டேன். "ஐ-செவன்னா ஐ-செவன்தான் தம்பி" என்றார். கம்ப்யூட்டரை ஆன் செய்யச் சொல்லிப் பார்த்தேன். ஐ7-4770.

அது 2013-ல் வந்த பிராசஸர். ஆபீஸ்களில் பல வருஷம் உழைத்து ஓய்வு பெற்றதைப் புதுப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார்கள். 4 கோர், 8 திரெட். 2022-ல் வந்த ஐ3-12100-ம் அதே 4 கோர், 8 திரெட்தான். ஆனால் ஒவ்வொரு கோரும் அதைவிடச் சுறுசுறுப்பு, அந்த ஐ3 இந்த ஐ7-ஐ எளிதாக முந்தும். ஐ3, ஐ5, ஐ7 என்பது அந்தந்த வருஷத்து வகுப்பில் வாங்கிய ரேங்க் மாதிரி. எந்த வருஷத்து வகுப்பு என்பதைக் கோட்டுக்குப் பின்னால் வரும் எண்தான் சொல்லும். 4770 என்றால் நான்காம் தலைமுறை, 12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. விண்டோஸ் 11-க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்பது மைக்ரோசாஃப்டின் விதி. விண்டோஸ் 10-க்கு பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. அன்றைக்கு அந்தப் பெட்டியை வாங்கியிருந்தால் ஒன்றரை வருஷத்தில் அடுத்த தலைவலி வந்திருக்கும்.

சரி, அந்த 4 ஜிபி கார்டு? ஜிடி 730. 2014-ல் வந்தது. அதில் இருந்த மெமரி டிடிஆர்3, அதுவும் 64 பிட். நொடிக்கு 14.4 ஜிபிதான் எடுத்துக் கொடுக்க முடியும். எங்கள் பழைய 1650-லும் 4 ஜிபிதான், ஆனால் அது நொடிக்கு 128 ஜிபி கொடுக்கும். தண்ணீர்த் தொட்டி ஒரே அளவு, குழாயில்தான் வித்தியாசம். தொட்டியைக் காட்டித்தான் விற்கிறார்கள்.

கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. டைப் அடிக்க, படம் பார்க்க, பில் போட அந்தப் பெட்டி நன்றாகவே உழைக்கும். "கேமிங்" என்று ஸ்டிக்கர் ஒட்டியதுதான் தப்பு.

தங்கச்சி வைத்த பரீட்சை

வீட்டுக்கு வந்ததும் என் திட்டத்தை மெதுவாகச் சொன்னேன். "புதுக் கார்டு என்னோடதுல போட்டுக்கிறேன், இது உனக்கு. நீ சின்னப் பொண்ணுதானே, உனக்கு இது போதும்" என்றேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "அது யாருக்கு வேணும்னு எப்படித் தெரியும்? டெஸ்ட் பண்ணிக் காட்டு" என்றாள். நானே அவளுக்குச் சொல்லிக் கொடுத்த விஷயம்தான், என் தலையிலேயே விழுந்தது.

பரிசோதனை ரொம்ப சுலபம். உங்களுக்குப் பிடித்த கேமை, அது திணறும் இடத்தில் வைத்து, நொடிக்கு எத்தனை பிரேம் வருகிறது என்று பாருங்கள். விண்டோஸ் கீயும் ஜி-யும் சேர்த்து அழுத்தினால் வரும் கேம் பாரிலேயே அந்த எண் தெரியும். கேமில் வி-சிங்க் இருந்தால் முதலில் அணைத்துவிடுங்கள். பிறகு 1920 x 1080-ஐ 1280 x 720-க்கு இறக்குங்கள். புள்ளிகள் 9,21,600 ஆகிவிடும், அதாவது பாதிக்கும் குறைவு. சார்ட் பேப்பர் சின்னதாகிவிட்டது. இப்போது பிரேம் நன்றாக ஏறினால், கலர் அடிக்கிறவர்கள்தான் திணறிக்கொண்டிருந்தார்கள், கார்டு மாற்றணும். எண் அதே இடத்தில் நின்றால், கார்டு சும்மா நிற்கிறது, பிராசஸர்தான் இழுக்கிறது.

டாஸ்க் மேனேஜரில் பிராசஸர் 30 சதவீதம்தானே காட்டுகிறது, அதற்குள் என்ன குறை என்று சிலர் கேட்பார்கள். 3600-ல் 12 திரெட் இருக்கிறது. கேமின் முக்கிய வேலை ஒரே திரெட்டில் போய் மாட்டிக்கொண்டால், அந்த ஒன்று முழுதாக மூச்சு முட்டினாலும் மொத்தக் கணக்கில் 8 சதவீதம்தான். மற்ற பதினொன்றும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். அதனால் அந்த எண்ணை நம்பாதீர்கள், 720 பரிசோதனையை நம்புங்கள்.

தங்கச்சி விளையாடுவது ஃபோர்ஸா ஹொரைசன் 5, கார் பந்தயம். 720-க்கு இறக்கியதும் பிரேம் சர்ரென்று ஏறியது. அது மட்டும் இல்லை, 1080-ல் படத்தரத்தைக் கூட்டினால் வீடியோ மெமரி போதவில்லை என்று எச்சரிக்கையும் வந்தது. 4 ஜிபி என்பது கலர் டப்பாக்கள் வைக்கும் பெஞ்ச். அதில் இடம் இல்லாததை ஸ்டாஃப் ரூம் பீரோவிலிருந்து, அதாவது ராமிலிருந்து, ஓடிப்போய் எடுத்து வர வேண்டும். அதற்குள் படம் விக்கித்து நிற்கும்.

நான் விளையாடுவது சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ். 2015-ல் வந்த முதல் பாகம். ஊர் கட்டுகிற விளையாட்டு. (இரண்டாம் பாகம் 2023-ல் வந்தது. அது கார்டையும் சேர்த்துத் தின்னும், அந்தப் பேச்சு இங்கே வேண்டாம்.) என் ஊரில் ஜனத்தொகை கூடக்கூட பஸ்ஸெல்லாம் ஊர்ந்து போகும். 720-க்கு இறக்கினேன். எண் அசையவே இல்லை! ஒவ்வொரு ஆளும் எந்தத் தெருவில் போகிறான், எந்த பஸ் ஏறுகிறான் என்பது பிராசஸர் கணக்கு. கார்டை மாற்றினால் என் பஸ் ஒரு அடிகூட வேகமாக நகராது.

தங்கச்சி ஒன்றும் பேசவில்லை, சிரித்தாள். அவ்வளவுதான்.

ஆக, என் திட்டத்தில் சரியான பாதி இதுதான்: வாங்கும் பொருளை இரண்டு கம்ப்யூட்டருக்கும் பிரித்துப் போடலாம். திருட்டுப் பாதி, கார்டு எனக்கு என்பது. கார்டு அவளுக்கு. புதுப் பிராசஸர் எனக்கு, என்னுடைய 3600 அவளுக்கு. அவள் கேமுக்கு 3600 தாராளம்.

என்ன வாங்கினோம், ஏன்?

அப்பாவும் நானும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போனோம். ஒரு காலை முழுக்க நாலைந்து கடையில் விலை கேட்டோம். பிராசஸர் ரைசன் 5 5600, 2022-ல் வந்தது. இதுவும் 6 கோர்தான், ஆனால் 3600-க்கு அடுத்த தலைமுறை. இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ஏஎம்4 சாக்கெட். என்னுடைய பழைய பி450 மதர்போர்டிலேயே பயாஸ் அப்டேட் செய்தால் உட்காரும், புது போர்டு எனக்கு வேண்டாம். 2022-ல் வந்த ஏஎம்5-க்குப் போயிருந்தால் போர்டு, டிடிஆர்5 ராம் எல்லாம் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும். இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே சாக்கெட் என்றால் இன்னொரு லாபம். ஒன்று ஆன் ஆகவில்லை என்றால் ராமையும் எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் மாற்றி மாற்றிப் போட்டு எது கெட்டது என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்.

கார்டு, ரேடியான் ஆர்எக்ஸ் 6600. 2021-ல் வந்தது, 8 ஜிபி, நொடிக்கு 224 ஜிபி. "கொஞ்சம் கூடப் போட்டா ஆர்டிஎக்ஸ் 4060 வந்துடும் சார்" என்று ஒரு கடையில் சொன்னார்கள். அது வேகமானதுதான், பொய் இல்லை. ஆனால் தங்கச்சிக்குக் கிடைத்தது சித்தப்பா வீட்டுப் பழைய மானிட்டர், 1080, 60 ஹெர்ட்ஸ். நொடிக்கு 60 படத்துக்கு மேல் அதில் தெரியாது. கூடப் போடும் பணம் கண்ணுக்குத் தெரியாத பிரேமுக்குப் போகும். மெமரியும் அதே 8 ஜிபிதான். 6600-ல் ரே டிரேசிங் வன்பொருள் உண்டு, 1650-ல் இல்லை. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேம் அது இல்லாத கார்டில் ஓடாது. அதனால் 1650 மாதிரி கார்டைப் புதுசாக வாங்க இனிமேல் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், இருப்பதை ஓட்டலாம்.

மதர்போர்டு அவளுக்குப் பி550. ஆர்எக்ஸ் 6600 தன் பாதையில் 8 லேன்தான் பயன்படுத்தும். பி550-ல் பிசிஐஇ 4.0 இருப்பதால் அந்த 8 லேனிலும் நெரிசல் இல்லை, 3600-ம் அதற்கு ஒத்துவரும். என் பி450-ல் 3.0தான். கார்டு அவளிடம் போனதற்கு இதுவும் ஒரு சின்ன நியாயம். அதிலேயே 16 ஜிபி ராமை ஒரே குச்சியாக இல்லாமல் 8 + 8 என்று இரண்டாக வாங்கினோம். இரண்டு குச்சி என்றால் இரண்டு வழி, பிராசஸருக்கு வேகமாகப் போகும்.

விலையை நான் வேண்டுமென்றே எழுதவில்லை. 2025 கடைசியில் ராம் விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். எங்கள் 55 ஆயிரத்தில் கார்டுதான் பெரிய பங்கைச் சாப்பிட்டது என்று மட்டும் சொல்கிறேன்.

* பெட்டிச் செய்தி *
ஒரே பெயர், இரண்டு கார்டு! ஆர்டிஎக்ஸ் 3050 என்று 2022-ல் ஒன்று வந்தது: 8 ஜிபி, 2560 கோர், 128 பிட். 2024-ல் அதே பெயரில் இன்னொன்று: 6 ஜிபி, 2304 கோர், 96 பிட். குறைந்தது மெமரி மட்டும் இல்லை, எல்லாமேதான். பில்லில் "3050" என்று மட்டும் எழுதினால் விடாதீர்கள், ஜிபியையும் எழுதச் சொல்லுங்கள்.
*

எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். கேபினெட்டோடு இலவசமாக வரும் பெட்டியில் 450 வாட் என்று பெரிசாகப் போட்டிருக்கும். பக்கத்தில் உள்ள சின்ன எழுத்து அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பிராசஸரும் கார்டும் குடிப்பது அந்த 12 வோல்ட்டைத்தான். 30 ஆம்பியர் என்றால் 12 x 30 = 360 வாட். ஒன்பதாம் வகுப்பு பாஸான யாரும் போடலாம். ஆர்எக்ஸ் 6600-க்கு மட்டும் 132 வாட் வேண்டும், 8 முனை ஒயரும் வேண்டும். ஆபீஸ் பெட்டிகளில் அந்த ஒயரே இருக்காது.

செகண்ட்ஸ் கார்டு வாங்கலாமா என்று அப்பா கேட்டார். 2022 செப்டம்பர் 15-ல் எதீரியம் தன் முறையை மாற்றியதும், நாணயம் தோண்டிய கார்டுகள் உலகம் முழுக்க வேலை இழந்து செகண்ட்ஸ் சந்தைக்கு வந்தன. இரவு பகல் ஓடிய ஃபேன்கள் தேய்ந்திருக்கும். நல்ல கார்டும் கிடைக்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கண் முன்னால் அரை மணி நேரம் கேம் ஓட்டிக் காட்டினால்தான் வாங்கணும். எங்களுக்கு அப்படிக் காட்ட யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. சீட்டுப் பணம் வேறு. புதுசே வாங்கினோம், வாரண்டியோடு.

பூட்டும்போது இரண்டு இடத்தில் உயிர் போனது. முதலாவது பயாஸ் அப்டேட். புதுப் பிராசஸரை மாட்டும் முன்பே, பழையது இருக்கும்போதே செய்துவிட வேண்டும். நடுவில் கரண்ட் போனால் போர்டு செத்துவிடும். நம்ம ஊர் மே மாதக் கரண்ட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா? பக்கத்து வீட்டு யுபிஎஸ்ஸைக் கடன் வாங்கி வைத்துச் செய்தேன். இரண்டாவது, 3600-ஐக் கழற்றுவது. ஏஎம்4-ல் கூலரை நேராக மேலே இழுத்தால், உலர்ந்த பேஸ்ட் பிடித்துக்கொண்டு பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிய்ந்து கூடவே வரும். கால்கள் வளைந்தால் போச்சு. கொஞ்ச நேரம் கேம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கூலரை இப்படியும் அப்படியும் மெதுவாகத் திருகி எடுத்தேன். அம்மா பக்கத்தில் நின்று முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

இப்போது தங்கச்சியின் கார் 1080-ல் படத்தரம் கூட்டி வைத்தும் வழுக்கிக்கொண்டு போகிறது. எச்சரிக்கை வருவதில்லை. என் ஊர் முன்பைவிடப் பெரிதாக வளர்ந்த பிறகுதான் திணறுகிறது. திணறவே இல்லை என்று சொன்னால் பொய். புதுக் கம்ப்யூட்டர் என்று ஒன்று எங்கள் வீட்டில் இல்லை, இரண்டிலும் பாதி புதுசு, பாதி பழசு. அம்மாவுக்கு மட்டும் "பாப்பாவுக்கு வாங்கச் சொன்னா இவன் பொட்டியையும் திறந்து வெச்சிருக்கான்" என்று இன்னும் ஒரு சந்தேகம்.

வீட்டில் பழைய கார்டே இல்லாதவர்களுக்கு ஒரு வழி. ரைசன் 5 5600ஜி மாதிரி, பிராசஸருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருப்பதை முதலில் வாங்கி, மைன்கிராஃப்ட், வேலரண்ட் போன்றவற்றை ஓட்டலாம். பணம் சேர்ந்ததும் கார்டு போடலாம். இன்டெலில் கடைசியில் எஃப் என்று இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, கார்டு இல்லாமல் திரையே வராது. 5600ஜி-யில் உள் கேஷ் மெமரி 16 எம்பி, 5600-ல் 32 எம்பி. அதனால் பிற்பாடு நல்ல கார்டு போட்டாலும் ஜி கொஞ்சம் பின்தங்கும். கார்டு இப்போதே வாங்க முடிகிறவர்கள் ஜி பக்கம் போக வேண்டாம்.

அந்த எட்டாம் வகுப்புத் தம்பிகளுக்கு: ஐ-செவனின் முழு நம்பரையும், என்ன கேம், மானிட்டர் எத்தனை ஹெர்ட்ஸ் என்பதையும் எழுதிக்கொண்டு பன்னிரண்டாம் வகுப்பு பி பிரிவுக்கு வாருங்கள். கடைக்காரர் கொடுத்த விலைச் சீட்டு இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். அட்வான்ஸ் மட்டும் அதுவரை கொடுத்துவிடாதீர்கள்.